மூன்றாம் நம்பர் சட்டை

பெற்றவளுக்குத் தன் பிள்ளையின் கெண்டைக்கால் தெரியாதா? அம்சத்துக்குத் தெரிந்தது. ஊர் விலக்கில் மினி பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்த மாத்திரத்தில் தெரிந்தது. அதற்கப்புறம்தான் கண் மேலே போனது. அங்கே இருந்தது வேறு ஒருவன் தலை.

இருபதடிக்கு ஃபிளெக்ஸ் பேனர். சேறும் புல்லுமாக ஒரு மைதானம். முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பைப் பிடித்து இரண்டு பேர் தொங்குவதையும் சட்டை செய்யாமல், குனிந்து பாய்ந்து வருகிற ஓர் உடம்பு. முதுகில் பாதி தெரிகிற 3. அரைக்கால் டவுசர். இடது முட்டிக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தழும்பு. அது கனிமொழி எட்டாவது படிக்கும்போது களைக்கொட்டு பட்டு ஐந்து தையல் போட்ட இடம். தையல் போடும்போது அந்தக் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவளே அம்சம்தான். அந்த உடம்பின் கழுத்துக்கு மேலே, மேலத்தெரு ரெங்கசாமியின் மகன் ராஜராஜன் படிய வாரிய தலையோடு பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சிரிப்பது போலச் சிரித்துக்கொண்டிருந்தான். சேற்றில் புரண்டு எழுந்தவனுக்கு முகத்தில் மட்டும் பவுடர்.

‘நியூசிலாந்து மண்ணில் ரக்பிக் கோப்பை வென்ற எங்கள் டெல்டா சிங்கமே!’ என்று மேலே எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் அரசுப் பள்ளியில் பாராட்டு விழா, வீரரின் சார்பில் தந்தையார் கேடயம் பெறுகிறார், பள்ளியின் விளையாட்டுச் சாதனையாளர் பலகையில் பெயர் பொறிக்கப்படுகிறது என்று கீழே இருந்தது. அம்சம் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். கூட இறங்கிய பூவம்மாள், என்னடி பார்க்கிறாய் என்று கேட்டதற்கு, “எம் மவ” என்று மட்டும் சொன்னாள்.

கனிமொழி நர்ஸிங் படித்தவள். மூன்று வருடமாக நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை. தஞ்சாவூரில் படிக்கும்போதே கபடியில் இருந்தவளை ஒரு பி.டி. மாஸ்டர் இழுத்து ரக்பியில் விட்டார். அன்றைக்கு ரெங்கசாமி, தன் நிலத்தைக் குத்தகைக்குச் செய்யும் அவள் அப்பா ரெத்தினத்தை நடுத்தெருவில் நிறுத்தி, வயசுக்கு வந்த பெண்ணை அரை டவுசர் போட்டு ஓட விட்டிருக்கிறாயே, மானம் மரியாதை இருக்கிறதா என்று கேட்டார். ரெத்தினம் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, அந்தக் கோபத்தைச் சோற்றுத் தட்டின் மேல் காட்டினான். அம்சம்தான் மகளுக்குக் கூட நின்றாள். அந்த அரை டவுசர்தான் இப்போது இருபதடி உயரத்துக்கு நிற்கிறது. தலை மாறியதும் மானக்கேடு வீரமாகிவிட்டது பாருங்கள்!

அந்த நாட்டில் ரக்பி என்றால் நம் ஊரில் தேர்த் திருவிழா மாதிரி, வருடம் முழுக்க நடக்கிற திருவிழா. பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறவன் கனிமொழியின் முட்டி வீக்கம் எப்படியிருக்கிறது என்று விசாரிப்பான். அவள் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவருக்குப் பெற்ற பிள்ளைகள் பெயரே மறந்துவிட்டது. ஆனால் போன சனிக்கிழமை முன்வரிசை சரிந்தது யாரால் என்பது மறக்கவில்லை, காலையில் மருந்து கொடுக்கப் போனால் அதைச் சொல்லித் திட்டுவார். முன்வரிசை என்பது எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோளைக் கோத்து முட்டித் தள்ளும்போது முழுப் பாரத்தையும் கழுத்தில் வாங்குகிற இடம். மூன்றாம் நம்பர் சட்டைக்காரிக்குத்தான் அதில் பாரம் அதிகம். ஆவணி மாதம் நடந்த இறுதி ஆட்டத்துக்கு முன்னால், மைக்கில் பேசப்போகிறவர் முதியோர் இல்லத்துக்கே வந்து அவள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனாராம். ழகரம் வராமல் ஒரு வாரம் பயிற்சி செய்தாராம். கோப்பையை ஜெயித்த அன்று மகள் சொன்ன விஷயங்களில் அம்சத்துக்கு மனதில் நின்றது அதுதான்.

ராஜராஜனும் அதே நாட்டில்தான், இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு பால்பண்ணையில் இருக்கிறான். ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தான். அந்தக் குழுவின் சட்டையைக் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டு படம் எடுத்தான். கனிமொழி பந்தோடு பாயும் படத்தையும் சேர்த்து ‘நம்ம ஊர் பெருமை’ என்று போனில் ஸ்டேட்டஸ் போட்டான். அவன் செய்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் அப்பன் செய்தது.

அம்சம் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே வலங்கைமானுக்குத் திரும்பினாள். பேனரின் கீழ் ஓரத்தில் கடையின் போன் நம்பர் இருந்தது, கடையும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இருந்தது. கடைக்காரன் அப்சர் முப்பது வயதுக்காரன், நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தான். அம்சம் தன் போனில் மகள் அனுப்பிய படத்தை எடுத்துக் காட்டினாள். தலையில் காது மூடிய துணித் தொப்பி, முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை. அப்சர் படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

முகம் தெரியவில்லை, நல்ல முகமாக வை என்று ஐயா சொன்னார், வைத்தேன் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசாட்சி உள்ளவன், நிறுத்தத் தெரியவில்லை. மார்புப் பக்கம் ஒரு மாதிரி இருக்கிறதே, பெண் போலத் தெரிகிறதே என்று தானே கேட்டதாகவும், அதைத் தட்டையாக்கு என்று அவர் சொன்னதாகவும் சொன்னான்.

அம்சம் டீயைத் தொடாமல் எழுந்தாள். பத்து மாதம் சுமந்து, பழைய சோறும் கருவாடுமாகப் போட்டு வளர்த்த உடம்பு. அதை ஒருத்தன் கம்ப்யூட்டரில் வைத்து இங்கே வெட்டு, அங்கே தட்டு என்று சொல்ல, இன்னொருத்தன் வெட்டியும் தட்டியும் இருக்கிறான்.

“அக்கா, ஆர்டர் குடுத்தவங்க ஒரு வார்த்த சொன்னா பத்து நிமிஷ வேலக்கா” என்றான் அப்சர். “நானா மாத்துனா நாளைக்கு இந்தக் கடைய நடத்த முடியாது.”

மறுநாள் காலை ரெங்கசாமியின் வீட்டுக்குப் போனாள். அவர் கிரில் போட்ட முன்கட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்சம் வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள், போனை நீட்டினாள். ரெங்கசாமி சத்தம் போடுகிற மனிதர் இல்லை. சிரித்த முகமாகக் கழுத்தறுக்கிற வகை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார்.

“இதெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்ல யாரு வேணாலும் செய்யலாம் அம்சம்” என்றார். “எம் மவன் படத்துல உம் மவ மூஞ்சிய ஒட்டி யாரோ உன்ன ஏமாத்தியிருக்காங்க.”

அம்சத்துக்குச் சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை. திருடிய வீட்டிலேயே திருட்டுப் பட்டமும் கட்டி அனுப்புகிறார்கள். தழும்பைக் காட்டினாள். தழும்பு யாருக்குத்தான் இல்லை என்றார். அப்சர் சொன்னதைச் சொன்னாள். அந்தப் பயல் ஏதாவது தப்புச் செய்திருந்தால் விழா முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம், சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்காதே, வெள்ளிக்கிழமை வடக்கு வயலில் நடவு இருக்கிறது, ஆட்களைச் சரியாகக் கூட்டி வா என்றார். அப்புறம் பேப்பரைத் திருப்பினார்.

விழா முடிந்ததும் என்னத்தைப் பார்ப்பது? பேனரை ஒரு காற்றடித்தால் கிழித்துவிடும். பள்ளிக்கூடப் பலகையில் எழுதினால் எழுதியதுதான். ஐம்பது வருடம் கழித்துப் படிக்கிற பிள்ளைகள் அதைத்தான் நம்புவார்கள். அந்தப் பலகையை அம்சத்துக்குத் தெரியும். கனிமொழி ஆறாவது சேர்ந்த அன்று, அதில் ஒரு பெண் பெயர்கூட இல்லையே அம்மா என்று கேட்ட பலகை.

மகளுக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரம் வருகையில் இங்கே விடிந்துகொண்டிருக்கும். வியாழக்கிழமை அந்த நேரத்தில் போன் செய்து சொன்னாள். கனிமொழி முதலில் சிரித்தாள். விடும்மா, இங்கே எல்லாருக்கும் தெரியும், ஒரு பேனருக்குப் போய் நீ அலையாதே என்றாள். அம்சம் பலகையைப் பற்றியும் சொன்னாள். சிரிப்பு நின்றது.

“அந்த போர்டுலயுமாம்மா?” என்றாள்.

வேறொன்றும் சொல்லாமல், டியூட்டி இருக்கிறது என்று வைத்துவிட்டாள். கழுத்தில் எட்டுப் பேர் பாரத்தை வாங்குகிறவள் அழுகிறாள் என்று பெற்றவளுக்குப் புரிந்தது.

ரெத்தினம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு திண்டாடினான். அவனுக்கும் வயிறு எரிந்தது. ஆனால் குத்தகைக்குச் செய்கிற ரெண்டு மா நிலமும் ரெங்கசாமியுடையது. பேனரில் கை வைத்தால் மேலத்தெரு ஆள் தலையைக் காலனிக்காரர்கள் வெட்டிவிட்டார்கள் என்று ஊர் கிளம்பும், போலீஸ் வரும், இளவட்டங்கள் மேல் கேஸ் விழும். பூவம்மாள் ஒரு கதிர் அரிவாள் போதும் என்று சொன்னபோது அம்சமே அதட்டி அடக்கினாள். ஆனால் சும்மா இருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வடக்கு வயலில் நடவு. நடவு இயந்திரம் இறங்காத பள்ளக்கால் அது. சேறு தொடை வரை வாங்கும். அம்சம் கூட்டி வரும் இருபது பெண்கள் இல்லாமல் அங்கே ஒரு குத்து நட முடியாது என்று ரெங்கசாமிக்கும் தெரியும். பறித்துக் கட்டாகக் கட்டிய நாற்று முடிகள் வரப்போரம் கிடந்தன. வேலையை நிறுத்துவோமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அம்சம் தலையாட்டி மறுத்தாள். பறித்த நாற்று ஒரு நாள் காய்ந்தால் கெட்டுவிடும், நாற்று என்ன பாவம் செய்தது? இறங்கி நடுங்கள் என்றாள்.

ஒன்பது மணி வாக்கில் ரெங்கசாமி வந்தார். பள்ளிக்கூடம் அந்த வயலுக்குப் பின்னால்தான். ஞாயிற்றுக்கிழமைப் பந்தலுக்கு இடம் பார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியை தங்கமணியோடு குறுக்கு வழியாக வரப்பில் நடந்து வந்தார். அந்த அம்மாள் ஜூனில்தான் மாற்றலாகி வந்தவர், ஊர் இன்னும் பழகவில்லை.

நடவு நடக்கிற வயலின் வரப்பில் நிலத்துக்காரர் வந்தால், நடவுக்காரி ஒருத்தி ஒரு நாற்று முடியைக் கொண்டுபோய் அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்துக் கும்பிடுவாள். அவர் ஏதாவது கையில் கொடுத்த பிறகுதான் அவள் முடியை எடுப்பாள், அவர் நடப்பார். நாற்றைத் தாண்டிக்கொண்டு போகிறவன் வீட்டில் நெல் தங்காது என்பார்கள். எவ்வளவு கஞ்சனாக இருந்தாலும் தாண்ட மாட்டான். ரெங்கசாமி இந்த வழக்கத்தை ரசிப்பவர், வெளியாள் கூட இருந்தால் இன்னும் அதிகமாக ரசிப்பார்.

அம்சம் சேற்றிலிருந்து ஏறினாள். பச்சை முடி ஒன்றை அவர் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் வரப்புக்குக் குறுக்கே வைத்தாள். கும்பிட்டாள். ரெங்கசாமி டீச்சரைப் பார்த்துச் சிரித்து, வழக்கத்தை விளக்கிச் சொல்லிக்கொண்டே சட்டைப் பையில் கைவிட்டார். ஐநூறு ரூபாய் நோட்டு வந்தது.

அம்சம் கையை நீட்டவில்லை.

“காசு வேணாங்கய்யா” என்றாள். “எம் மவ தலையக் குடுங்க.”

இருபது பேரும் நிமிர்ந்தார்கள். ரெங்கசாமியின் சிரிப்பு வாயிலேயே கிடந்தது. என்ன உளறுகிறாய் என்றார். டீச்சர் என்ன விஷயம் என்று கேட்டார். அம்சம் அவருக்குச் சொன்னாள், பேனரில் இருக்கிற உடம்பு யாருடையது என்று. தழும்பைச் சொன்னாள், மூன்றாம் நம்பரைச் சொன்னாள், கடையில் தட்டையாக்கியதையும் கூசாமல் சொன்னாள். டீச்சர் ரெங்கசாமியின் பக்கம் திரும்பினார். அவர் மறுபடியும் கம்ப்யூட்டர், ஏமாற்று என்று ஆரம்பித்தார்.

“நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம்” என்றாள் அம்சம். “தம்பியக் கூப்புடுங்க. அது வாயால சொல்லட்டும். அதுதான் வெளையாடுச்சுன்னு சொன்னா நான் இந்த முடியோட உங்க கால்ல உழுந்துட்டுப் போறேன்.”

அவன் வேலையில் இருப்பான் என்றார். சாயங்காலம் பார்க்கலாம் என்றார். அங்கே இப்போதே சாயங்காலம்தான் என்றாள் அம்சம், மூன்று வருடமாக மகளோடு பேசுகிறவளுக்கு அது தெரியாதா? ரெங்கசாமி முடியைப் பார்த்தார். பின்னால் திரும்பிப் போனால் ஓடினார் என்று ஆகும். முன்னால் போகவும் கால் வரவில்லை. தலைமை ஆசிரியை, கூப்பிடுங்களேன் சார், எனக்கும் பலகையில் எழுத உறுதியாகத் தெரிய வேண்டும் என்றார். வேறு வழியில்லாமல் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடுங்கள் என்றும் டீச்சரே சொன்னார்.

வயலோரத்தில் டீச்சர் இருக்கிறார், பேனர் விஷயமாக ஏதோ கேட்கிறார்கள், நீயே சொல் என்று ரெங்கசாமி தேன் தடவி ஆரம்பித்தார். எந்தப் பதிலை அவன் சொல்ல வேண்டும் என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. ராஜராஜன் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பொறுக்க முடியவில்லை.

“இன்னும் எடுக்கலையாப்பா அத?” என்றான். “நான் அன்னைக்கே சொன்னேன்ல, அது ரெத்தினம் அண்ணன் பொண்ணுன்னு. அந்த போட்டோ இங்க எவன் கண்ணுலயாவது பட்டா நான் வெளிய தலகாட்ட முடியாதுப்பா. ஆடாதவன் ஆடுனேன்னு சொன்னா இந்த ஊர்ல கடையில பால்கூட குடுக்க மாட்டான்.”

ரெங்கசாமி போனை அணைத்தார். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். தெரியாமல் செய்த தப்பு என்றால் அம்சம் மன்னித்திருப்பாள், பெரிய மனிதருக்கும் கண் தப்பும். இவர் தெரிந்தே செய்திருக்கிறார். தெரிந்தே அவள் கையில் இருந்த படத்தைப் பொய் என்றார்.

“சரி, எடுத்துடச் சொல்றேன்” என்றார் அவர். “முடிய எடு.”

“எடுக்க வேணாங்க. ஒடம்பு எங்களுது, அது அங்கயே நிக்கட்டும். தலையையும் பேரையும் மட்டும் மாத்தச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க.”

ஐந்து நிமிடம் நின்றிருப்பார். வெயில் ஏறியது. நட்டது பாதி வயல், நடாத பாதியில் நாற்று முடிகள். டீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் நகரவில்லை. கடைசியில் ரெங்கசாமி கடைக்குப் போன் போட்டார். அம்சம் ஸ்பீக்கரைக் கைநீட்டிக் காட்ட, அவரே அழுத்தினார். அந்தப் பேனரில் ஒரு திருத்தம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். ரெத்தினம் பெண் படத்தையே வைத்துவிடு, அவள் அம்மா அனுப்புவாள் என்றார்.

“சரிங்கய்யா” என்றான் அப்சர், சந்தோஷத்தை மறைக்காமல். “பேரு என்னன்னு போடணுங்க?”

ரெங்கசாமி வாயைத் திறந்தார். மூடினார்.

அவருக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருடமாக அம்சம் அவர் வயலில் நடுகிறாள். அந்தப் பெண் நடக்கப் பழகியதே இந்த வரப்பில். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதே வரப்பில் டீத் தூக்கைச் சுமந்திருக்கிறாள், இவருக்கும் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். உடம்பை எடுத்துக்கொள்ளத் தெரிந்தது, மார்பைத் தட்டச் சொல்லத் தெரிந்தது, பெயர் தெரியாது. இந்த மூன்று நாளில் பட்டதெல்லாம் அம்சத்துக்கு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

பூவம்மாள் பொறுக்க முடியாமல் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அம்சம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“கேளுங்க” என்றாள் ரெங்கசாமியிடம். “எம் மவ பேரு என்னன்னு எங்கிட்டக் கேளுங்க.”

போனில் அப்சர், ஐயா, ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ரெங்கசாமி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பலகைக்கு எழுதிக்கொள்ளப் பையிலிருந்து பேனாவை எடுத்து வைத்திருந்தார்.

“ஒம் மவ பேரு என்ன?” என்றார் ரெங்கசாமி.

“கனிமொழி” என்றாள் அம்சம். “ரெத்தினம், அம்சம் பொண்ணு கனிமொழி. சொல்லுங்க.”

அவர் சொன்னார். அப்சருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள் என்றான். அவர் இன்னொரு தடவை சொன்னார்.